கேட்டுக்கு வெளியே

"குளியலறைக் கதவுல கை மாட்டி நசுங்கிடுச்சுன்னு சொல்லிடுங்க மாப்பிள்ள. எல்லாரும் சொல்றதுதானே?"

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிக் கட்டிலில் கிடந்தவனுக்கு வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. அட்டைப்பெட்டி ஆலையில் வெட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. பொய் சொல்லிக் கொடுத்தவர் அந்த ஆலையின் சூப்பர்வைசர். அவன் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். அவளும் அங்கேதான் பெட்டிகளுக்குப் பசை தடவுகிறாள். இருவரையும் வேலைக்குச் சேர்த்துவிட்டவர் அவரே.

அந்த ஆலையில் ஒரு வழக்கம். யாருக்கு அடிபட்டாலும் முதலில் கேட்டுக்கு வெளியே தூக்கிக் கிடத்துவார்கள். பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். உள்ளே அடிபட்டால் நஷ்டஈடு, விசாரணை. வெளியே கிடந்தால் தலைவிதி. வெட்கக்கேடு என்னவென்றால், தூக்குகிறவர்களும் தொழிலாளிகளே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முதலாளி கையை நனைக்கவே தேவையில்லை. இவர்களே பிசைந்து கொடுத்துவிடுவார்கள்.

"உண்மையைச் சொன்னா நஷ்டஈடு வருமாமே மச்சான்?" என்றான் ஈனக்குரலில்.

"அது வர்றதுக்குள்ள என் வேலை போயிடும். சிபாரிசு பண்ண பாவத்துக்கு எனக்கு இதுவா கூலி?"

மனைவிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, இவருக்குச் சோறு ஊட்டணும், கட்டு மாத்தணும். எனக்கு லீவாச்சும் குடு. வீட்டாளுக்கு முடியலன்னா பாத்துக்க லீவு உண்டாமே, சட்டமே இருக்காமே."

"சட்டம் பேசுற அளவுக்கு வந்துட்டியா? உன் புருஷன் வீட்டுல கையை நசுக்கிக்கிட்டா கம்பெனியா லீவு குடுக்கும்?"

தான் சொன்ன பொய்யை அதற்குள் அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

"எங்க அடிபட்டாலும் பாத்துக்கத்தான் அந்த லீவுண்ணே" என்று அவள் சொல்லும்போதே வாசலில் ஆள் அரவம் கேட்டது. ஆஸ்பத்திரி தகவல் கொடுத்து, தொழிலாளர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்திருந்தார்.

"எப்படிப்பா அடிபட்டுச்சு?"

அவன் மச்சானின் முகத்தைப் பார்த்தான். "குளியலறைக் கதவுலம்மா…"

பயம் அவனைச் சொல்ல வைத்தது. மூன்று விரலை இழந்தவன் பயப்படவும், இழக்க வைத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கவும் செய்கிற உலகம் இது.

"வாங்கம்மா, அந்தக் கதவைப் பாத்துருவோம்" என்றாள் மனைவி.

பின்கட்டில் குளியலறை வாசலில் ஒரு கிழிந்த போர்வை தொங்கியது. கதவு போட அவர்களுக்கு வசதி வந்ததே இல்லை. தங்கை வீட்டு முன்னறையைத் தாண்டியே அறியாத அண்ணனுக்கு அது எப்படித் தெரியும்?

"இந்தப் போர்வை விரலை வெட்டுமாம்மா? மிஷின்லதான் போச்சு. ரத்தம் ஒழுக ஒழுக இவரை வெளிய தூக்கிட்டு வந்து போட்டதே எங்கண்ணன்தான்."

"அடிப்பாவி! கூடப்பொறந்தவன் வயித்துல மண்ணள்ளிப் போடுறியே!"

அதிகாரி அம்மாள் முன்னறைக்கு வந்து அண்ணனைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவன், "ஆமாம்மா, மிஷின்லதான்" என்றான், இந்த முறை யார் முகத்தையும் பார்க்காமல்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளையிலேருந்து நான் வேலைக்கு வரமாட்டேண்ணே. புருஷனைப் பாத்துக்க லீவு வேணும். இந்தம்மா முன்னாலதான் கேக்குறேன். இப்ப இல்லைன்னு சொல்லு, பாக்கலாம்."