திரைக்குப் பின்னால் சுற்றிய டீ

ஞாயிற்றுக்கிழமை கால்வாயைத் தூர்வார இயந்திரம் வருவதாக ஏற்பாடு. தெருக்காரர்கள் கரையில் வந்து நின்றால் மேலப்பாளையத்தில் வேலை நடக்கும்; யாரும் வராவிட்டால் இயந்திரம் அடுத்த ஊருக்குப் போய்விடும். வீடு வீடாகப் போய் ஆள் திரட்டும் பொறுப்பு முகுந்தன் தலையில் விழுந்தது. ஆற்றுப் பாதுகாப்புச் சங்கத்தில் அவன்தான் புது ஆள்.

அவன் போனது, ஆண்களெல்லாம் கடைக்குப் போய்விட்ட நேரம். வாசல்களில் திரை தொங்கியது. முதல் வீட்டில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "வாங்க தம்பி. டீ குடிக்கியளா?" என்றது.

"வேண்டாம்மா, நெறைய வீடு இருக்கு."

பொதிகையில் ஆறு பிறப்பதில் தொடங்கி, கால்வாயை அடைக்கும் ஆகாயத்தாமரையையும் விடாமல், புன்னைக்காயலில் கடல் சேர்வது வரை திரையிடம் சொல்லி முடித்தான். "யோசிச்சுச் சொல்லுதோம்" என்றது குரல்.

அடுத்த வீட்டிலும் டீ வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாமென்றான். அதற்கடுத்த வீட்டில், "நம்ம ஆறு பொதிகையில..." என்று ஆரம்பித்ததுமே, "பொறந்து புன்னக்காயல்ல கடல்ல சேருது, பொறவு?" என்று கேட்டது திரை. இந்தத் தெருவில்தான் எவ்வளவு விவரமான ஜனங்கள் என்று முகுந்தனுக்குப் புல்லரித்தது.

கடைசி வீட்டில், "ஆகாயத்தாமரையை விட்டுட்டியளே தம்பி. போன வீட்ல சொன்னியளே!" என்று குரல் வந்தது. உள்ளே பல பேர் சிரித்தார்கள்.

"நான் ஜுபைதா பீவி. பீடி சுத்துத பொம்பளையள்லாம் பின்வாசல் வழியா உங்க கூடவே வாரோம். நீங்க போற வீட்ல எல்லாம் நாங்கதான்."

"அப்போ ஞாயித்துக்கிழமை வருவியளாம்மா?"

சிரிப்பு அடங்கியது. "எங்க வீட்ல ஒரு வாய் டீ குடிக்க மாட்டேங்கிய. உங்க பேச்சை நம்பி நாங்க வெயில்ல வந்து நிக்கணுமாக்கும்?"

முகுந்தனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, நேரமாயிருமேன்னுதாம்மா..."

திரைக்கு அடியில் வளையல் கை ஒரு தம்ளரை நகர்த்தியது. "மொத வீட்ல போட்டது. பாவம், அதுவும் உங்க பின்னாலேயே சுத்துது."

டீ பாலாடை படிந்து, சில்லிட்டுப் போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்தான்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கும்மா."

"பச்சப் பொய்! சரி, ஞாயித்துக்கிழமை தெருவோட வாரோம். ஆனா அங்கன வந்து பேசிராதிய தம்பி, எங்களுக்கு மனப்பாடமாயிட்டு. இப்பம் உக்காருங்க, சூடா ஒண்ணு வருது."

முகுந்தன் சங்கத்துப் பையைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.