கை பிடிக்கிற ஆள்

"உயிரோட இருக்கிற யாரையும் தொடப்போறதில்ல. காலி நாற்காலியைத்தான் எடுக்கப்போறோம்" என்று ஆணையர் சொன்னதும் எல்லோரும் கைதட்டினோம். நிதியாண்டு முடிய நான்கு நாள் இருந்தது. மாநகராட்சிக்கு வரவு சாண், செலவு முழம். நாற்பத்திரண்டு பணியிடங்களை ரத்து செய்தால்தான் கணக்கு நேராகும்.

பணியாளர் பிரிவில் பட்டியல் போடுகிறவன் நான். இருபது வருடம் இதையே எழுதியதில், ஆளைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் பணியிட எண்தான் நினைவுக்கு வரும். காலி நாற்காலி என்று எதுவும் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் யாராவது தினக்கூலிக்கு உட்கார்ந்திருப்பார்கள்.

அப்படி ஒன்றில் என் மைத்துனன் இருந்தான். சுரங்கப்பாதையை ஒட்டிய பம்ப் அறையில் ஒன்பது வருடம். அந்த இடம் ரத்தானால் அவனும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"கூடப் பொறந்தவன்னு எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். பார்த்துச் செய்யுங்க" என்றாள் என் மனைவி. அவள் 'பார்த்து' என்றால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை, செய்ய வேண்டியதுதான்.

செய்தேன். பட்டியலில் அந்த இடத்துக்கு நேராக 'நிரப்பப்பட்டது' என்று எழுதினேன். அவனை நிரந்தரமாக்கும் ஆணையை, ஆணையர் கையெழுத்துக்குப் போகும் கட்டின் நடுவில் செருகினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆண்டுக் கடைசியில் அவ்வளவு சோறு இருக்கும், எதையும் மறைக்கலாம்.

அந்தப் பம்ப் அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுரங்கப்பாதையில் தேங்கும் மழைத்தண்ணீரை வெளியேற்றும் பழைய பம்ப். குப்பை அடைத்தால் நின்றுவிடும். ஓர் ஆள் குழிக்குள் இறங்கி, பம்ப்பின் வாயிலிருந்து கையால் குப்பையை எடுக்க வேண்டும். அடைப்பு விட்டதும் அது தானாக ஓடத் தொடங்கும், வாயில் இருக்கும் கையோடு ஆளையும் இழுத்துக்கொள்ளும். ஓடாமல் நிறுத்தி வைக்க மேலே ஒரு கைப்பிடி உண்டு, ஆனால் அதன் கொக்கி உடைந்து மூன்று வருடமாகிறது. கீழே அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் எழும்பிவிடும். அதனால் ஒருவன் இறங்கும்போது இன்னொருவன் மேலே அதை அழுத்திக்கொண்டே நிற்பான். அவனுக்குக் 'கை பிடிக்கிற ஆள்' என்று பெயர். புதுக் கொக்கி கேட்டுப் போகும் கடிதம் வருடா வருடம் 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று திரும்பி வரும்.

மைத்துனனுக்குக் கை பிடித்தவர் ரேடியோ. ஓயாமல் பேசுவதால் வந்த பெயர். "அவரு பேச்சு மேல கேட்டுக்கிட்டே இருக்கணும் மாமா. நின்னுச்சுன்னா நான் ஏறிடுவேன்" என்று மைத்துனன் சிரிப்பான்.

கடைசி நாள் காலையில் கணக்கு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். நல்ல பெண்மணி, மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத கண்கள்.

"நாற்பத்தொண்ணு வந்துடுச்சு. இன்னும் ஒண்ணு வேணும். இந்தப் பம்ப் ரூம்ல மட்டும் எதுக்கு ரெண்டு பேர்? மத்த இடத்துல எல்லாம் ஒருத்தர்தானே?"

மற்ற இடங்களில் யாரும் குழிக்குள் இறங்குவதில்லை, இயந்திரமே குப்பையை வாரிவிடும். இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். ஆனால் சொன்னால் அந்த அறையின் கோப்பைக் கொண்டுவரச் சொல்வார். கோப்பைத் திறந்தால் மைத்துனன் இன்னும் தினக்கூலி என்பது தெரிந்துவிடும். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் வாயை மூடிக் கெட்டவன்.

"தெரியல மேடம். ரொம்ப நாளா அப்படித்தான் இருக்கு" என்றேன்.

அவர் ரேடியோவின் பணியிடத்தைச் சிவப்பு மையால் அடித்தார். வரி வசூல் கவுன்டரில் ஓர் இடம் இருந்தது, அவரை அங்கே மாற்றினார். "பாருங்க, யாருக்கும் வேலை போகல" என்றார். அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

மதியம் கையெழுத்துக் கட்டு திரும்பி வந்தது. இரண்டு ஆணைகளும் அதில் இருந்தன. உடனே மைத்துனனைப் போனில் கூப்பிட்டேன்.

"மாமா, நிஜமாவா? அக்காகிட்ட நான்தான் சொல்வேன், நீங்க சொல்லிடாதீங்க."

"சரி மாப்ள. ஆனா ரேடியோவை மாத்திட்டாங்க. வேற ஆள் போடச் சொல்றேன். அதுவரைக்கும் குழியில இறங்காத."

"வெயில் மண்டையைப் பொளக்குது. மழை எங்கேருந்து வரப்போகுது?"

மூன்று மணிக்கு அலுவலகத்தில் விளக்குப் போட வேண்டியிருந்தது. வானம் அப்படிக் கறுத்துவிட்டது. பிறகு மழை கொட்டியது, கண்ணாடிக்கு வெளியே எதிர்க் கட்டடம் தெரியவில்லை. வேறு ஆள் கேட்டு நான் எழுதியிருந்த குறிப்பு மேசையிலேயே கிடந்தது. அனுப்பினால் ஏன் என்று கேட்பார்களே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்கு, சொட்டச் சொட்ட நனைந்தபடி ரேடியோ உள்ளே வந்தார்.

"ஆர்டர் குடுங்க சார். இன்னிக்கே சேரலைன்னா நாளைக்கு மனசு மாறிடுவாங்கன்னு உங்க மச்சான்தான் துரத்திவிட்டான். நானும் இருக்கேன்டான்னுதான் சொன்னேன், கேட்கல. தூறல்தான்னு சொன்னான். நான் பஸ் ஏறினப்புறம் பாருங்க, அப்படிப் பிடிச்சுக்கிச்சு. சுரங்கப்பாதையில முழங்கால் அளவு…"

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சு கேட்க வேண்டிய இடம் இது இல்லை என்று எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது.

மைத்துனனுடைய கைபேசி அடித்தது, எடுக்கவில்லை. பம்ப்புகளைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன்.

"பம்ப் அடைச்சு நின்னுடுச்சு சார்" என்றாள் அங்கிருந்த பெண். "பாதையில ஒரு வேன் மாட்டிக்கிச்சு, குழந்தைங்க இருக்காங்க. அதைச் சொன்னதும், நான் இறங்கி எடுத்துடறேன்னு சொன்னாரு. பத்து நிமிஷமாச்சு."

"நிறுத்துங்க. அந்தப் பம்ப்பை அங்கேருந்து நிறுத்துங்க."

"இங்கேருந்து பார்க்கத்தான் சார் முடியும், நிறுத்த முடியாது. அங்கதான் ரெண்டு பேர் இருப்பாங்களே?"

ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவருடைய வலது கை மேசையின் விளிம்பை அழுத்திப் பிடித்திருந்தது.

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ கைதட்டினார்கள்.

"சார், பச்சை லைட் வந்துடுச்சு" என்றாள் அவள். "பம்ப் ஓடுது. தண்ணி இறங்குது சார்."