கைம்மாறு

அப்பா சாவதற்கு மூன்று நாள் முன்பு, நாங்கள் குடியிருந்து மாவரைத்த நீராலையை மடத்துக்குக் கொடுத்துவிட்டார். நரகத்தை நினைத்து அவ்வளவு பயம் அவருக்கு. அவரைப் புதைத்த வாரமே வீட்டைக் காலி செய்யச் சொல்லி மடத்தலைவர் பொனோசுஸ் ஆள் அனுப்பினார்.

என் அண்ணன் இல்பிராண்ட் சிரித்தான். நீண்ட தாடி வளர்க்கும் லங்கோபார்டு இனத்தாரான எங்கள் சட்டத்தில் சும்மா வாங்கிய தானம் செல்லாது. வாங்கியவன் பதிலுக்கு மோதிரமோ பழைய சட்டையோ ஏதாவது ஒன்றைத் தரவேண்டும். அந்தக் கைம்மாறு நடக்கும்வரை பொருள் கொடுத்தவனுடையது. அவன் செத்தால் பிள்ளைகளுடையது. மடம் அப்பாவுக்கு ஒரு நூல்கூடத் தரவில்லை.

லூக்கா நகரில், தேவாலயத்தின் முன்னால், அரசரின் அதிகாரி அன்ஸோ வழக்கைக் கேட்டார். ஆற்றிலிருந்து வந்த காற்று எலும்பில் இறங்கியது.

"அவர் ஆன்மாவுக்காக நாப்பது நாள் ஜெபம் பண்ணோம். அதைவிடப் பெரிய கைம்மாறு உண்டா?" என்றார் பொனோசுஸ்.

"ஜெபத்தைக் கையில எடுத்துக் காட்டுங்க சாமி, பாப்போம்," என்றான் அண்ணன். கூட்டம் சிரித்தது.

"தாடி வளந்த அளவுக்கு மூளை வளரலையே உங்க ஜாதிக்கு!" என்றார் பொனோசுஸ்.

"உங்களுக்கு ரெண்டுமே இல்ல, மொட்டைச் சாமி!"

அன்ஸோ கோலால் தரையைத் தட்டினார். "சாமி, இப்பக்கூடக் கைம்மாறு குடுக்கலாம். ஆனா மூத்த மகன் அதைக் கையில வாங்கணும்."

"வாங்கினாத்தானே!" அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மடத்துத் துறவிகள் வெள்ளிக் கிண்ணத்தை நீட்டினார்கள். அண்ணன் வானத்தைப் பார்த்தான். கம்பளி அங்கியை நீட்டினார்கள். கொட்டாவி விட்டான். எனக்குத் தெம்பு வந்தது. ஆலைச் சக்கரத்தின் இரைச்சலோடு இன்றிரவும் தூங்கலாம் என்று தோன்றியது.

பொனோசுஸ் அவனை நெருங்கி வந்தார். "உங்கப்பன் சாகும்போது எதுக்கு அழுதான் தெரியுமாடா? பாவத்துக்கு இல்ல. உன்னைப் பெத்ததுக்கு."

சொல்லிக்கொண்டே வலது கையுறையை உருவி அண்ணன் முகத்தில் எறிந்தார்.

முகத்தில் எறியப்பட்டதைக் கீழே விழவிடுபவனை எங்களில் யாரும் ஆண்பிள்ளையாக மதிப்பதில்லை. நடக்கத் தெரியும் முன்பே எங்கள் பையன்களின் கைகள் இதைக் கற்றுவிடும்.

"அண்ணா, தொடாதே!" என்று கத்தினேன்.

அதற்குள் பிடித்துவிட்டான். பெருமையோடு தலைக்கு மேல் தூக்கியும் காட்டினான். யாரும் ஆரவாரம் செய்யவில்லை. பொனோசுஸ் அன்று முதன்முறையாகப் புன்னகைத்தார்.

அன்ஸோ கோலால் அந்தக் கையுறையைச் சுட்டினார். பிறகு, "கையில வாங்கிட்டியேப்பா," என்றார்.

"அடிக்கத்தானே எறிஞ்சாரு! குடுக்கலையே!"

"எப்படிக் குடுக்கணும்னு சட்டத்துல சொல்லல. உன் கையில இருக்கு. ஆலை மடத்துக்குத்தான். ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணுங்க."

அண்ணனின் கை இடுப்புக் கத்திக்குப் போனது. நான் அவன் கையில் தொங்கினேன். அவனை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

"ஒத்தைக் கையுறையை வச்சு என்னடா பண்ணுவே?" பின்னாலிருந்து பொனோசுஸின் குரல் வந்தது. "இந்தா, இதையும் வச்சுக்கோ!"

இடது கையுறை பறந்து வந்தது. அண்ணன் கையை நீட்டவில்லை. அது அவன் கன்னத்தில் பட்டுச் சேற்றில் விழுந்தது.