அண்ணிக்கு எடுத்த பை

பம்பரத்துக்கு வேலை, நாற்காலி செய்யும் கம்பெனியில். ஓரிடத்தில் உட்காராதவள் என்பதால் வீட்டில் வைத்த பெயர்தான் பம்பரம். அவள் வேலையோ மற்றவர்களை உட்கார வைத்து அளவெடுப்பது. பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை டேப் பிடித்து, சாய்மானம் எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று குறித்துக் கொடுப்பாள். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தே அளவு சொல்லிவிடக்கூடியவள். ஆகவே மலைநடைக்குப் பை எடுக்க அண்ணி அவளைத் துணைக்கு அழைத்ததில் எந்தத் தவறும் இல்லை.

தவறு பம்பரத்தின் மனதில் இருந்தது. வருடம் ஒருமுறை அவள் மலைப்பாதையில் பத்து நாள் தனியாக நடப்பாள். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத நாட்கள் அவை மட்டும்தான். இந்த வருடம் ஒருநாள், அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்.

"உங்க அண்ணியையும் கூட்டிட்டுப் போயேன். ரொம்ப நாளா ஆசைப்படுறா."

"உனக்குத் தொந்தரவு இல்லன்னா," என்றாள் அண்ணி, தட்டைப் பார்த்துக்கொண்டே.

முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது? "அதுக்கென்ன அண்ணி, தாராளமா வாங்க," என்று பம்பரத்தின் வாய் சொல்லிவிட்டது.

பை வாங்கப் போன நாளில் கடையில் கால் வைக்க இடமில்லை. கடைப்பெண் ஒரே மாதிரியான இரண்டு பைகளை எடுத்து வைத்தாள். ஒன்று குட்டை முதுகுக்கு, மற்றது நீள முதுகுக்கு. இரண்டுக்குள்ளும் கனத்துக்காக மணல் மூட்டைகளைத் திணித்தாள்.

"முதல்ல இடுப்பு பெல்ட்டப் பாருங்க. அது இடுப்பெலும்பு மேல உக்காரணும். கனத்த இடுப்புதான் தாங்கணும், தோள் இல்ல. ரெண்டையும் மாட்டி நாலு சுத்து நடந்து பாருங்க," என்று சொல்லிவிட்டு, ஷூ அடுக்கின் முன்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தைச் சமாதானப்படுத்த ஓடினாள்.

அண்ணி உட்கார்ந்தால் உயரம், நின்றால் சாதாரணம். கால்கள் அளவானவை, முதுகுதான் நீளம். "சினிமாவுல இவளுக்குப் பின்சீட்டுக்காரன் பாதிப் படம்தான் பாப்பான்," என்று அண்ணன் கிண்டல் செய்வான். அவளுக்கு நீளப் பைதான். அதைச் சொல்ல டேப்கூட வேண்டாம்.

ஆனால் அவள் முதலில் மாட்டியது குட்டைப் பையை. பெல்ட் இடுப்புவரை இறங்காமல் வயிற்றின்மேல் நின்றுவிட்டது. கனம் முழுவதும் தோளில் தொங்கியது.

"வயித்தப் பிடிக்குதே. இப்படித்தான் இருக்குமா?"

பம்பரத்தின் கை மற்றப் பையை எடுக்க நீண்டது, பிறகு நின்றது. இந்தப் பையோடு ஒரு வார ஒத்திகை நடந்தால் போதும். அண்ணி தானாகவே வேண்டாம் என்றுவிடுவாள். யாரும் யார் மனதையும் நோகடிக்கத் தேவையில்லை. இதெல்லாம் ஒரு பட்டையை இழுத்துவிடும் நேரத்துக்குள் தோன்றிவிட்டது.

"புதுசுல்ல அண்ணி, பழகிரும். இது அதவிட லேசு. நீள நடைக்கு அதுதானே வேணும்."

லேசு என்பது பொய்யில்லை. ஒரு கைக்குட்டையின் கனம் குறைவாக இருந்திருக்கும்.

ஷூ அடுக்கின் பக்கத்திலிருந்து கடைப்பெண் குரல் கொடுத்தாள். "பெல்ட்டு எலும்பு மேல உக்காந்துச்சாக்கா?"

அண்ணி பம்பரத்தைப் பார்த்தாள்.

"உக்காந்துருச்சு," என்றாள் பம்பரம்.

"நல்லவேளை நீ வந்தே," என்றாள் அண்ணி, கடையை விட்டு இறங்கும்போது. "தனியா வந்திருந்தா கலரப் பாத்து எடுத்திருப்பேன்."

அந்த வாரம் முழுக்க பம்பரம் ஒரு ஃபோனுக்காகக் காத்திருந்தாள். அண்ணனிடமிருந்து வந்தது. அண்ணி வரவில்லை என்று சொல்லப்போகிறான் என்று எடுத்தாள்.

"உங்க அண்ணி பையக் கழட்டவே மாட்டேங்கறா. தண்ணி பாட்டில் எல்லாத்தையும் அதுல நிரப்பி மாடிப்படி ஏறி இறங்குறா. அதோடயே துணி காயப்போடுறா. கங்காரு கூட குடித்தனம் பண்ற மாதிரி இருக்கு."

"கங்காருவுக்குப் பை முன்னாடிண்ணா."

"அந்த விவரமெல்லாம் எனக்கெதுக்கு. லீவும் வாங்கிட்டா, தெரியுமா? திரும்பி வந்ததும் ரெண்டு மாச ஞாயித்துக்கிழமை டூட்டியும் தானே பாக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்கியிருக்கா."

அண்ணிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. நாள் முழுக்க ஊசி குத்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுரும்," என்று எல்லோருக்கும் சொல்பவள். வலி என்பது சொல்லிக்கொள்ள வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றாது. முதுகளவு தெரிந்த பம்பரம் இந்த அளவைக் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் ஊருக்கு வெளியே, வாய்க்கால் கரையோரமாக நடந்தார்கள். அண்ணி முன்னால் போனாள். கொஞ்ச தூரத்திலேயே இரண்டு கட்டைவிரல்களையும் பையின் பட்டைகளுக்கு அடியில் நுழைத்து, அதைத் தூக்கிப் பிடித்தபடி நடக்க ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே வருவாள் என்று பம்பரம் பயந்திருந்தாள். அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவதற்கு மூச்சு இருந்தால்தானே.

மதகின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பம்பரம் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள்.

"எனக்கு வேணாம். நீ சாப்பிடு."

"காலையிலேருந்து நடக்கறோம் அண்ணி."

"பெல்ட்டு வயித்த அமுக்குதுல்ல, சாப்பிட்டா மேல வந்துருது. அதான் பையோட நடக்கற அன்னிக்கு சாப்பிடறதில்ல. மலையில எப்படிச் சமாளிக்கறதுன்னுதான் யோசிக்கறேன். நீ எப்படி சமாளிக்கறே?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சட்டையின் கழுத்து ஓரம் விலகியிருந்தது. தோளில் பட்டை பதிந்த இடம் தோலுரிந்து, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி, அந்தப் பிளாஸ்திரியும் சுருண்டிருந்தது.

பம்பரம் எழுந்து தன் பழைய பையைத் தரையில் கிடத்தினாள். அதில் முதுகின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அண்ணியைத் திரும்பி நிற்கச் சொன்னாள். டேப் இல்லாமல், விரலால் மட்டும் பின்கழுத்து எலும்பைத் தொட்டு இடுப்பெலும்புவரை வந்தாள். பையின் பட்டைகளை மேலே ஏற்றி அண்ணிக்கு மாட்டிவிட்டு, பெல்ட்டை எலும்பின்மேல் வைத்து இறுக்கினாள்.

அண்ணி நான்கடி நடந்தாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"ஏய், உள்ள இருக்கறதையெல்லாம் எடுத்துட்டியா?"

"இல்ல அண்ணி. எல்லாம் உள்ளதான் இருக்கு."

"பொய் சொல்லாத. வெயிட்டே தெரியல."

குட்டைப் பையைப் பம்பரம் மாட்டிக்கொண்டாள். அவள் முதுகு குட்டை. பை அவளுக்கென்றே தைத்ததுபோல உட்கார்ந்தது, அவளுடைய பழைய பையைவிட லேசாகவும் இருந்தது. செய்ததற்குப் பரிகாரம் தேடப்போய், அண்ணியின் புதுப் பையையும் தட்டிப் பறித்தாற்போல் ஆயிற்று.

அதற்குள் அண்ணி ஃபோனில் அண்ணனைப் பிடித்துவிட்டாள். "உன் தங்கச்சி என்ன பண்ணா தெரியுமா? அவளோட பைய எனக்குக் குடுத்துட்டு, அந்த முரட்டுப் பைய அவ தூக்கிட்டு வரா. நீ இவளோட கூடப் பொறந்தவன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

"அண்ணி, ஃபோன வைங்க."

"இரு, இன்னும் சொல்லல..."

"வைங்க அண்ணி. நான் ஒண்ணு சொல்லணும்."

அண்ணி ஃபோனைக் கட் செய்தாள்.

"அந்தப் பை முரட்டுப் பை இல்ல. அது குட்டை முதுகுக்காரங்களுக்கு. உங்களுக்கு மத்தது எடுத்திருக்கணும்."

"கடைக்காரப் பொண்ணு சொல்லலையே."

"நான் சொல்ல விடல."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

வாய்க்காலின் அந்தப் பக்கம் ஒருவர் சைக்கிளில் போனார். அவர் வளைவில் மறையும்வரை அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு?"

"நீங்களே வரலன்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

அண்ணி திட்டுவாள், அழுவாள், அண்ணனிடம் சொல்வாள் என்று மூன்றுக்கும் பம்பரம் தயாராக இருந்தாள். அண்ணி பெல்ட்டைக் கழற்றி, பையை மெதுவாக இறக்கி, பம்பரத்தின் காலடியில் சாய்த்து வைத்தாள்.

"அன்னிக்கு சாப்பிடறப்போ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மொகம் சுருங்கியிருக்கும். ரெண்டு நாள்ல சரியாப் போயிருக்கும்."

"தப்புதான் அண்ணி."

"என் பையக் கழட்டிக் குடு."

"தோள் புண்ணா இருக்கு. பஸ் ஸ்டாப் வரைக்குமாவது நான் தூக்கிட்டு வரேன்."

"குடு."

கொடுத்தாள். அண்ணி அதைத் தோளில் மாட்டவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல் முன்னால் இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு நடந்தாள். பம்பரம் பின்னால் போனாள். பஸ் ஸ்டாப்பில் ஒரே பெஞ்சுதான். அண்ணி அதன் ஓரத்தில் உட்கார்ந்து, நடுவில் பையை வைத்தாள்.

"நாளைக்குக் கடைக்குப் போய் எனக்குச் சரியானத எடுத்துக்கறேன். நீ வர வேணாம்."

"சரி அண்ணி."

"மலைக்கு நான் போறேன். லீவு வாங்கியாச்சு, நடந்தும் பழகியாச்சு. பாதையில வழி காட்டற பலகையெல்லாம் இருக்காமே?"

"இருக்கு."

"அப்போ தனியாவே போயிருவேன். நீ வரதுன்னா வா, வரலன்னா விடு. எதுவானாலும் என் முகத்தப் பாத்து நீயே சொல்லு."

பஸ் வந்தது. அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசலில் ஏறினாள். பம்பரம் ஏறியபோது அண்ணிக்குப் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருந்தது. அதில் பை இல்லை. அண்ணி அதை மடியில் வைத்திருந்தாள். உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு பம்பரம் நின்றபடியே வந்தாள்.