கருப்புசாமியின் முறை

அப்பனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள் வனிதா. பாதத்தில் சூடு இன்னும் ஆறவில்லை. கருப்புசாமியின் உயிர் போய் ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. முடிச்சைப் போட்டு நிமிரும்போது இடுப்பில் செருகியிருந்த போன் இரண்டு முறை அதிர்ந்தது.

பாடசேகர சமிதி, அதாவது ஊர் வாய்க்காலில் நெல் போடுகிறவர்களின் சங்கம், தினமும் காலையில் போனில் அனுப்பும் தண்ணீர் முறைப் பட்டியல். ஊர் கேரள எல்லைக்குள் என்பதால் மலையாளத்தில் இருந்தது. பத்திலிருந்து ஒன்று வரை கருப்புசாமி. ஒன்றிலிருந்து நான்கு வரை தங்கதுரை. அதற்குக் கீழே தங்கதுரை சித்தப்பாவே தமிழில் எழுதியிருந்தார்: 'கருப்புசாமி அண்ணன் இன்னைக்குக் காலைல காலமாயிட்டாருங்க. அண்ணன் முறைய நானே பாத்துக்கறேன்.' கும்பிடும் கைகள் ஐந்து.

சித்தப்பா அவளுக்கு எதிரிலேயேதான் சுவரில் சாய்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அப்பனுக்குப் பங்காளி. வாய்க்காலில் அவர் வயல் மேலே, இவர்களுடையது கடைசி. நல்ல மனுஷன், இந்த நேரத்திலும் ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று ஒரு கணம் அவளுக்கு நெஞ்சு இளகித்தான் போயிற்று. பிறகு அந்த 'பாத்துக்கறேன்' தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. ஆள் இங்கே உட்கார்ந்திருக்கும்போது அங்கே எதைப் பார்த்துக்கொள்வார்?

பதினோரு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். நெல் பொதி கட்டி, கதிரை உள்ளே வைத்துக்கொண்டு நிற்கிறது. வயலில் விரல் நுழையும் வெடிப்பு. இந்த முறை தப்பினால் கதிர் வெளியே வரும், உள்ளே அரிசி இருக்காது. படுக்கையில் கிடந்த மூன்று வாரமும் அப்பன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நம்ம முறை என்னைக்கு கண்ணு?" நேற்றுச் சாயங்காலமும் கேட்டார். "நாளைக்குப் பத்து மணிக்குங்கப்பா" என்றாள். "அப்பச் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"பன்னெண்டு மணிக்கெல்லாம் எடுத்தர்லாம்," என்று சித்தப்பா முடிவு சொல்லிக்கொண்டிருந்தார். "அகளியில இருந்து அண்ணியோட பொறந்தவங்க வந்துட்டாப் போதும்."

வனிதா எழுந்து வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் போய், சுவரோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்தாள். அப்பனின் அக்கா, ராமாத்தாள் அத்தை, சொம்பும் கையுமாக அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க அம்மிணி கெளம்பிட்டே?"

"தண்ணி கட்டப் போறனுங்க அத்தை."

"உனக்கென்ன புத்தி பெரண்டு போச்சா? சாவு ஊட்டுக்காரி மம்மட்டியத் தொடக்கூடாது. ஊரு காறித் துப்பும்."

"துப்பட்டுமுங்க. வயலுக்குக் கொஞ்சம் ஈரமாவது கெடைக்கும்."

வனிதா வேலியைத் தாண்டி நடந்தாள்.

அப்பன் அவளுக்குப் பெரிய புத்திமதி எதுவும் சொன்னதில்லை. எல்லாம் சில்லறைச் சங்கதிகள். மண்வெட்டியைக் கழுவாமல் சாத்தாதே. வரப்பில் நடக்கும்போது போன் பேசாதே. அவள் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் மடையில் இறக்கி நிறுத்தி, தண்ணீரைக் கண்ணால் பார்க்காதே, காலால் பார் என்றார்.

"சில்லுனு இருந்தா முறைத் தண்ணி முழுசா வருதுன்னு அர்த்தம். வெதுவெதுன்னு இருந்தா மேலெ எவனோ திருப்பிட்டான். மிச்சம் மீதிதான் வெயில்ல காஞ்சுக்கிட்டு வருது."

"அப்ப என்னங்கப்பா பண்றது?"

"போயி அடைக்கோணும்."

"அவங்ககிட்டக் கேக்க வேண்டாமுங்களா?"

"தொறக்கறப்ப அவன் கேட்டானா?"

பத்தே காலுக்குத் தன் மடையை வெட்டிவிட்டுக் காலை வைத்தாள். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. வெதுவெதுப்பாக வந்தது.

அடப்பாவி மனுஷா, என்று வாய்விட்டே சொன்னாள். செத்தவர் உடம்பில் சூடு போகவில்லை, அதற்குள்ளா? காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. துக்கமா ஆத்திரமா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. அழுதுகொண்டே வரப்பில் மேலே ஏறினாள். மூன்று வயல் தள்ளி, சித்தப்பாவின் மடை ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்குத் திறந்து கிடந்தது. சாவுக்கு வருகிற வழியிலேயே வெட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். அவர் வயலில் தண்ணீர் வரப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. வனிதா சேலையைத் தூக்கிச் செருகினாள். சேற்றை வெட்டி வெட்டிப் போட்டாள். போட்டதை ஏறி மிதித்தாள்.

சித்தப்பாவின் ஸ்கூட்டர் கால்வாய்க் கரையில் வந்து நின்றபோது மடை முக்கால்வாசி அடைபட்டிருந்தது.

"அங்க உங்கப்பனக் குளிப்பாட்டோணும். நீ இங்க என்ன பண்றே? நாந்தான் பாத்துக்கறேன்னு போட்டிருந்தனல்லொ?"

"பாத்தீங்க சித்தப்பா. உங்க வயலப் பாத்தீங்க."

அவர் துண்டை உதறித் தோளில் மாற்றிப் போட்டார். "சாவு ஊட்டுக்கு முறை கெடையாது கண்ணு. அது வழக்கம்."

"செத்தது எங்கப்பனுங்க. முறை சாகல."

"பொட்டப்புள்ள பேசற பேச்சா இது? அங்க ஊரே உனக்காகக் காத்துக்கிட்டு கெடக்குது."

வனிதா சேற்றுக் கையைச் சேலையில் துடைத்து, போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டாள். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, ஒரு மணி வரைக்கும் அப்பாவ எடுக்க வேண்டாமுங்க. முறை முடியாம அவரு என்னைக்காவது ஊட்டுக்கு வந்திருக்கறாரா?"

அந்தப் பக்கம் அம்மா முத்தாத்தாளின் ஒப்பாரி மட்டும் கேட்டது. அத்தைக்கும் இது பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தாள் வனிதா.

"வந்ததில்ல," என்றாள் அத்தை கடைசியில். "கல்யாணத்தன்னைக்கே முகூர்த்தத்த நிறுத்தி வெச்ச பய அவன். நீ தண்ணி கட்டு. இங்க எவன் தூக்கறான்னு நான் பாத்துக்கறேன்."

சித்தப்பாவின் ஸ்கூட்டர் நாலாவது உதைக்குத்தான் கிளம்பியது.

மிச்சம் இருந்ததையும் அடைத்துவிட்டு அவள் கீழே வந்து தன் மடையில் இறங்கி நின்றாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கணுக்கால் வரை ஏறியது. கெண்டைக்காலுக்கு வந்தபோது சில்லென்றது. வெடிப்பெல்லாம் சளசளவென்று குடித்துக்கொண்டிருந்தது. குடி குடி, என்றாள்.

மணி ஒன்று அடித்ததும் தன் மடையை அடைத்தாள். மேலே போய் சித்தப்பாவின் மடையைத் திறந்துவிட்டாள். அது அவருடைய முறை. மண்வெட்டியை வாய்க்காலில் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். தூக்குகிறவர்கள் தெருக்கோடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அப்பனின் தலைமாட்டில் காவல் உட்கார்ந்திருந்தாள். அம்மா, மகளின் முழங்கால்வரைச் சேற்றைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

வனிதா கால்மாட்டில் உட்கார்ந்து, கட்டியிருந்த அந்த இரண்டு பாதங்களையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டாள்.

"கடைசி வரைக்கும் பாஞ்சுதா?" என்று கேட்டாள் அத்தை.

"பாஞ்சிருச்சுங்க."

அவள் கையை எடுக்கவில்லை.

"சில்லுனு இருக்குதுங்க அத்தை."