முப்பதுக்கு இருபத்தொன்பது

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்தில் பிறந்தது. நோவி சாத் நகரில் அல்சைமர் மருந்துச் சோதனைக்கு ஆள் சேர்ப்பது என் வேலை. மதிப்பெண் எழுத வேண்டிய கட்டத்தை நிரப்ப முடியாமல், தாளின் பின்பக்கத்தில் கதை எழுதுகிறேன்.

'டானூப் நதி, நினைவைப் போல—' [அடித்துவிட்டேன். நதி நதியைப் போலத்தான் ஓடுகிறது.]

2

விதியை விளக்கிவிடுகிறேன், விளக்குவதென்றால் எனக்கு உயிர். மூளையில் சேரும் புரதக் கசடை இம்மருந்து கரைக்கும் என்று நம்புகிறோம். செத்த செல்லை அது எழுப்பாது; ஆகவே நோய் முற்றியவர் வேண்டாம். நன்றாக இருப்பவரிடம் பலன் தெரியாது, அவரும் வேண்டாம். நினைவுத் தேர்வில் முப்பதுக்கு இருபத்திரண்டு முதல் இருபத்தெட்டு வரை எடுத்தவரே எங்களுக்கு மாப்பிள்ளை. சேர்க்கை இன்றோடு முடிகிறது.

3

டிராகுதின், ஓய்வுபெற்ற ஓட்டுநர் தேர்வு அதிகாரி. போன மாதம் குடும்ப மருத்துவரிடம் எடுத்தது இருபத்துமூன்று. போன வாரம் வீட்டுக்கு வழி தெரியாமல் பாலத்தில் நின்றார். மனைவி ஸ்லாவிட்சா, இந்த ஊர் வழக்கப்படி, என் மேசையில் காபிப் பொட்டலம் வைத்துவிட்டு வெளியே போனாள்.

"மூணு வார்த்தை சொல்றேன், கேட்டு—"

"எலுமிச்சை, சாவி, பந்து."

"நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"வெளிய பெஞ்சுல எல்லாருக்கும் தெரியும், டாக்டரம்மா. ரெண்டு வாரமா இவ உயிரை எடுத்துட்டா. பதில் சொன்னாத்தான் தட்டுல சூப்பு."

"மனப்பாடமா?"

"என்கிட்ட இப்படி வந்தவனை ஃபெயில் போட்டிருப்பேன். நீங்க போட்றாதீங்க."

எடுத்தது இருபத்தொன்பது. [தவறிய ஒரு மதிப்பெண், கிழமைக் கேள்வியில். சந்திப்பை நாங்கள் ஒரு நாள் தள்ளிவைத்தோம். அவர் பழைய கிழமையையே சொன்னார்.]

4

முடிவு ஒன்று: இருபத்தொன்பது என எழுதுகிறேன். அவர் வீட்டுக்கு.

முடிவு இரண்டு: இருபத்துநான்கு. அவர் உள்ளே, மருந்து பலித்ததா என்று நாளை பார்ப்பவர்களின் கணக்கில் என் பொய்யும் உள்ளே. அதிலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பாதிப் பேருக்கு ஏறுவது மருந்தில்லாத வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று எனக்கே தெரியாது. உப்புநீருக்காகப் பொய் சொன்னவள் என்ற பெயர் எனக்கு.

'செல்லாது' என்று எழுதலாம். மறுதேர்வு மூன்று மாதம் கழித்து. அதற்குள் சேர்க்கை முடிந்திருக்கும், அவரும்—

5

ஸ்லாவிட்சா கதவைத் திறக்கிறாள்.

"பாஸ்தானே, டாக்டரம்மா?"

"இருபத்தொம்பதுடி," என்கிறார் டிராகுதின்.

அவள் அவருடைய காலரைச் சரிசெய்கிறாள், படம் எடுக்க நிறுத்துவதைப்போல. பிறகு என்னைப் பார்க்கிறாள்.

இதுவரைதான் எனக்கு வந்தது:

"ஸ்லாவிட்சா, உங்க வீட்டுக்காரரு—"

மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள். அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.