பிஸ்கட் வீட்டுக் குடித்தனம்

வருடக் கடைசி விடுமுறைக்காக அந்தப் பெரிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் பிஸ்கட்டால் கட்டிய வீடு, வெளியே இரண்டு ஆள் படுக்கும் அகலம்தான். உள்ளே இரண்டு அறைகளும் ஒரு சமையலறையும் துணி காயப்போட மொட்டைமாடியும் இருந்தன. மாடியில் நல்ல வெயில். இதை முதலில் கண்டுபிடித்தவர் எலக்ட்ரீஷியன். கண்டுபிடித்தார் என்ன, மாட்டிக்கொண்டார். வழக்கமாக இந்த மாதிரி வீடுகளுக்கு மூன்று சுவர்தான். சீரியல் பல்பு கெட்டால் கை விட வேண்டுமே என்று பின்பக்கம் திறந்தே கிடக்கும். அந்த வருடம் கேக் மாஸ்டர் தூக்கக் கலக்கத்தில் நாலாவது சுவரையும் எழுப்பி, சர்க்கரைப் பாகு பூசி ஒட்டிவிட்டார். உள்ளே ஒயர் இழுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் முன்கதவைத் திறந்துகொண்டு வந்து, வீடு பிரமாதம், சமையலறைக் குழாய்தான் ஒழுகுகிறது, வாஷர் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மாஸ்டருக்கு ஏன் தூக்கக் கலக்கம் என்றால், அவர் மனைவிக்கு அதே ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. கல்யாணமாகி ஐந்து வருடம். வேலையாட்களில் ஆண்களுக்கு ஒரு விடுதி, பெண்களுக்கு ஒரு விடுதி. புருஷன் பெண்டாட்டிக்கு என்று எதுவும் கிடையாது. வெளியே பார்த்த வீடுகளோ கிட்டவே நெருங்க முடியாத வாடகை. அவர் ஷிப்ட் முடியும்போது அவள் ஷிப்ட் தொடங்கும். பாவம், சலவைக்கூடத்து வாசலில் நின்றபடியே குடித்தனம் நடத்தினார்கள். தூங்க வேண்டிய நேரத்தில் அங்கே போய் நின்றால், சுவர் எண்ணிக்கை தப்பாமல் என்ன செய்யும்?

ஜன்னலுக்குத் திரை மாட்ட உள்ளே போனவள், திரும்பி வந்து கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அன்றே இரண்டு டிரங்குப் பெட்டிகள் உள்ளே போயின. விருந்தினர்கள் வாசலில் நின்று போட்டோ எடுத்தார்கள். புகைபோக்கியில் வெங்காயம் வதங்கும் வாசனை வருவதைப் பாராட்டினார்கள்.

விடுமுறை முடிந்ததும், அலங்காரத்தைப் பிரிக்க மேனேஜர் ஆட்களோடும் சுத்தியலோடும் வந்தார். மாஸ்டரின் மனைவி கதவில் கை வைத்து நின்றாள்.

"இடிங்க சார். ஒரே ஒரு தடவை உள்ள வந்து பாத்துட்டு இடிங்க."

மேனேஜர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் ஆளைக் காணவில்லை. கலைந்த படுக்கையையும், தொட்டியில் கழுவாத தோசைக்கல்லையும், மாடியில் காய்ந்த இரண்டு யூனிபாரங்களையும் பார்த்துவிட்டு வந்தவர், ஆட்களிடம் எரிந்து விழுந்தார்.

"குடியிருக்கற வீட்ட எப்படிய்யா இடிக்கறது? போய் அந்தக் கிறிஸ்துமஸ் மரத்தப் பிரிங்க."

வருடங்கள் ஓடின. எறும்பு என்னவோ வரவேயில்லை. மழைக்காலத்தில் சுவர் கொஞ்சம் நமத்துப்போகும். மாஸ்டர் புதுசாகச் சுட்டு மாற்றிவிடுவார். மகள் பிறந்தாள், பல் முளைக்கிற வயதில் ஜன்னல் சட்டத்தைக் கடித்துத் தின்று அம்மாவிடம் அடி வாங்கினாள். போன மாதம் முதல் மாடியில் தங்கிய ஒருவர், கீழே யாரோ ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டதற்காகக் காலையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள், காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்று புகார் செய்ய வந்தார். வரவேற்பில் இருந்த பெண் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"கல்யாணமாகி முதல் அஞ்சு வருஷம் அவங்களுக்குச் சண்டை போடக்கூட நேரம் கிடைக்கல சார். நான் உங்களுக்கு வேற ரூம் தரேன்" என்று சாவியை எடுத்து நீட்டினாள்.